நொட்டாங்கைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்

உறுதியான தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதைத்தான் கேட்டிருப்பாய். நம்முடைய நொட்டாங்கைக்காரர் வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலைக்கு வருகிறார். பூப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் முடிந்ததும் அவர்தான் கோப்பை கொடுக்கப் போகிறார். எனக்குச் சொன்னவர் அவருடைய மகள். நேற்று காலை பத்தரை மணிக்குத் தொலைபேசியில். போட்டிக் குழுவின் செயலாளரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பேச்சை முடிப்பதற்கு முன்னால் அந்தப் பெண் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அப்பா கேட்கச் சொன்னாராம். அந்தக் கேள்வியைக் கடைசியில் எழுதுகிறேன். நடந்த கதையைச் சொல்லாமல் அதை எழுதினால் உன்னைத் தவிர யாருக்கும் புரியாது.

அந்தப் பெண்ணின் எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனா தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். மஞ்சள் பந்து உருண்டு வந்து விரலில் முட்டியது. போன ஆடியில் உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி கொடுத்தது. "இதோட கதை உங்க ரெண்டு பேருக்குந்தான் தெரியும். நீங்களே வெச்சுக்குங்கண்ணா" என்றார். கம்பளி நூல் அங்கங்கே பிரிந்திருக்கிறது. ஒரு பக்கம் காசளவு பழுப்புக் கறை. மூக்கருகே கொண்டுபோனால் இன்னமும் கம்பளி வாடை, அதற்கு அடியில் செம்மண். உன் லாட்ஜ் மேசையில், சாவி மாட்டும் பலகைக்குக் கீழே, இது இத்தனை வருடம் இருந்தது. தங்க வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் என்று நினைத்துக்கொண்டு "பழசாயிடுச்சேங்க, தூக்கிப் போடக் கூடாதா?" என்று கேட்பார்கள். நீ ரிஜிஸ்தரை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பாய்.

பூப்பந்து என்றால் இன்றைய பிள்ளைகள் இறகுப் பந்தை நினைத்துக்கொள்கிறார்கள். நம்முடையது வேறு: பக்கத்துக்கு ஐந்து பேர், மர மட்டை, கம்பளிப் பந்து, வெட்டவெளித் தரை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் ஊருக்கு அதுதான் ஆட்டம். மலை மேற்கே இருப்பதால் தை மாதத்தில் சாயங்கால வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். நிழல் மெல்ல நகர்ந்து களத்துக்குள் வரும். கடைசி ஆட்டம் நிழலில் நடக்கும். வெளியூர் அணிகள் அதற்காகவே நம் களத்தைப் பாராட்டுவார்கள். நாம் ஏதோ மலையை நாமே கொண்டுவந்து வைத்த மாதிரி தலையாட்டுவோம்.

நமக்கு ஆட்டம் மட்டும் போதாது. ஆடுகிறவர் நம்மைத் திரும்பிப் பார்க்க வேண்டும், நம் டீயைக் குடிக்க வேண்டும், எந்த ஊர் என்ன பேர் என்று கேட்க வேண்டும். உனக்கு அது கொஞ்சம் கூடுதல். காரணம் வேலூர். எழுபதுகளின் நடுவில் ஒரு பெரிய ஆட்டக்காரரைப் பார்க்க நாம் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். ஆட்டம் முடிந்ததும் நீ முண்டியடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாய். அவர் உன்னை யாரோ உதவியாள் என்று நினைத்துத் தன் பையைக் கொடுத்தார். நீ பூரித்துப்போய் அதை வேன் வரைக்கும் சுமந்தாய். வாங்கி உள்ளே எறிந்துவிட்டு, "தள்ளி நில்லுய்யா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் போளூர் தாண்டியதும் நீ சொன்னாய்: "ஆட்டம் ஜாஸ்தி. ஆளு கம்மி."

அதற்குப் பிறகு நீ யாருக்கும் கை தட்டியதில்லை. களத்துக்கு வருவாய், பார்ப்பாய், கைகட்டி நிற்பாய். அந்தக் கட்டை அவிழ்த்தவர் நொட்டாங்கைக்காரர்.

சென்னையிலிருந்து வந்த அணியில் அவர் ஒருவர்தான் இடது கையால் அடிப்பவர். ஆறடிக்கு மேல் உயரம். நம் பக்கத்தில் இடது கை நொட்டாங்கை, சாப்பிடுகிற வலது கை சோத்தாங்கை. அவர் அடித்த முதல் பந்திலேயே கூட்டத்தில் யாரோ "நொட்டாங்கை!" என்று கத்த, அதுவே அவருக்குச் செல்லப் பெயராகிவிட்டது. அணி தங்கியது சன்னதித் தெருவில், நீ மேனேஜராக இருந்த லாட்ஜில். சாவி வாங்கும்போது அவர் உன் பெயரைக் கேட்டார். அடுத்த வருடம் வந்தபோது, நீ ரிஜிஸ்தரைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"பேரச் சொல்லிக் கூப்டாருய்யா! ஒரு வருஷம் கழிச்சு!" என்று நீ ஒரு மாதம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

டீக்கடை முனுசாமிக்குத்தான் அது பொறுக்கவில்லை. "பேரு ஞாபகம் வெச்சா ஆச்சா? லாட்ஜுல ரூம் வோணும், கேப்பாரு. நாலு பேரு முன்னால எப்பிடி நடந்துக்கறாருனு பாரு, அப்பத் தெரியும்."

"எப்ப வேணா பாரு. அந்தாளு ஒருவாட்டி மரியாத தப்பினாருன்னா, நான் களத்துப் பக்கமே வரமாட்டேன். போதுமா?"

"எழுதிக் குடுக்கறியா?"

"ரிப்போர்ட்டரு இருக்கான் பாரு, அவன் எழுதுவான்" என்று என்னைக் காட்டினாய்.

எழுதினேன். அதுதான் கதை.

எண்பதுகளின் தொடக்கம், பொங்கல் முடிந்த வாரம். சனிக்கிழமை அரை இறுதி. அதில் ஜெயிக்கிற அணிக்குக் கோயில் பிரசாதம் கொடுப்பது நீ ஏற்படுத்திய பழக்கம். பித்தளைத் தட்டில் விபூதி, குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். அன்று கடைசிப் புள்ளிக்கு நொட்டாங்கைக்காரர் கோட்டோரம் பாய்ந்து விழுந்து பந்தை எடுத்தார். சரளைக் கல்லில் சறுக்கிக்கொண்டு போனார். ஜெயித்தார்கள். கூட்டம் களத்துக்குள் புகுந்தது. நீ தட்டோடு முன்னால் நின்றாய். உனக்குப் பின்னால் முனுசாமி, அவனுக்குப் பின்னால் ஊரே. நான் நோட்டுப் புத்தகத்தோடு மூன்றடி தள்ளி நின்றேன்.

அவர் வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தார். இடது கையை நீட்டி எலுமிச்சம்பழத்தை எடுத்தார். விபூதியையும் இடது கையாலேயே தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார்.

பின்னால் கசமுசா என்று பேச்சு எழுந்தது. முனுசாமி உன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது: "சாமி பிரசாதத்தப் பீச்சாங்கையில வாங்கறான் பாருய்யா உங்க ஆளு." உன் முகத்தை நான் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை தபால் நிலையத்திலிருந்து டிரங்க் கால் போட்டுச் செய்தியைச் சொன்னேன். அந்தப் பக்கம் எழுதிக்கொண்ட உதவி ஆசிரியர், "ரெண்டு வரி கம்மியா வருது. வேற எதனா இருக்கா?" என்று கேட்டார். நோட்டைப் புரட்டினேன். இருந்தது. "வெற்றிக்குப் பின் அளிக்கப்பட்ட கோயில் பிரசாதத்தை அவர் இடது கையால் பெற்றுக்கொண்டார்." இடத்தை நிரப்பச் சொன்ன வரி. ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பரில் அதுவே துணைத் தலைப்பாக வந்திருந்தது, ஆச்சரியக்குறியோடு. ஆச்சரியக்குறி என்னுடையது அல்ல. வரி என்னுடையது.

முனுசாமி கடையில் அதைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது, லாட்ஜில் நீ நொட்டாங்கைக்காரருக்கு இட்லி கொண்டுபோயிருந்தாய். இது நீ பிறகு சொன்னது. கோபத்தோடுதான் போயிருக்கிறாய். அவர் ஸ்பூன் கேட்டார். நம் ஊரில் அன்று இட்லிக்கு ஸ்பூன் கேட்பவர் ஒன்று நோயாளி, இல்லை துரை. நீ துரை என்று முடிவுகட்டி, ஸ்பூனைத் தேடி எடுத்து, தட்டில் 'டங்'கென்று போட்டாய். அந்தச் சத்தத்துக்கு அவர் அனிச்சையாக வலது கையைத் தூக்கினார். உள்ளங்கை முழுக்கத் தோல் இல்லை.

"என்னாங்க இது?"

"நேத்து விழுந்தனே. கேப்டன்கிட்டச் சொல்லிடாதீங்க. உக்கார வெச்சுடுவாரு. இன்னிக்கு ஒரு ஆட்டம் ஆடிட்டாப் போதும்."

"அப்ப நேத்து பிரசாதம்..."

"ரத்தமா ஒழுகுது. அந்தக் கையால எப்பிடிங்க சாமி பிரசாதத்தத் தொடறது? உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க."

நீ சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். வெளியே வந்தால் ஊர் முழுக்க என் பேப்பர்.

பதினொரு மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தினாய். இறங்கவில்லை. ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டாய்.

"இன்னாய்யா எழுதிக்கிற?"

"பாத்தத எழுதினேன். பொய்யா?"

"பொய்னு சொல்லல. நொட்டாங்கையில இன்னா வாங்கினாருனு பாத்த. சரி. இன்னொரு கையில இன்னா இருந்துச்சுனு பாத்தியா?"

"துண்டு."

"துண்டுக்குள்ள?"

"அது எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நீ வாக்குக் கொடுத்த கதை தெரியாததால், நண்பனைவிட ஆட்டக்காரன் உனக்குப் பெரிதாகிவிட்டான் என்று எனக்கு ஆத்திரம். சாப்பிடக்கூட இல்லை.

நான்கு மணிக்கு இறுதி ஆட்டம். நொட்டாங்கைக்காரர் களத்துக்குள் வந்தபோது யாரும் கை தட்டவில்லை. விசில் வந்தது. "சோத்தாங்கை எங்க? சோத்தாங்கைய எங்க வெச்சுட்டு வந்த?" என்று ஒரு பக்கம். அதே பெயர், முந்தின நாள் வரைக்கும் செல்லமாகக் கூப்பிட்ட நொட்டாங்கை, இப்போது வசவு. அவர் தலையைக் குனிந்துகொண்டு மட்டையின் நரம்புகளைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த ஊருக்கு இனி வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. நீயும் இனி களத்துக்கு வரமாட்டாய். சொன்ன சொல் அப்படி.

அப்போதுதான் நீ தட்டோடு களத்துக்குள் போனாய். ஆட்டத்துக்கு முன்னால் பிரசாதம் கொடுப்பது வழக்கமில்லை. நடுவர் கையைக் காட்டித் தடுத்தார். நீ பொருட்படுத்தவில்லை. உன்னைப் பார்த்ததும் நொட்டாங்கைக்காரர் தடுமாறினார். இடது கையை நீட்டினால் ஊர் திட்டும், வலது கையை நீட்டினால் கேப்டன் பார்த்துவிடுவார். இரண்டு கையையும் நீட்டாமல் நின்றார்.

நீ தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டாய். வலது கை விரல்களில் விபூதியை எடுத்தாய். கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "குனிங்க சார். நான் வெச்சு வுடறேன்" என்றாய்.

அவர் ஆறடிக்கு மேல். நீ ஐந்தடி இரண்டங்குலம். ரேஷன் கார்டு எடுத்த வருடம் பந்தயம் கட்டி நானே அளந்திருக்கிறேன். அவர் குனிந்தார். போதாது. இன்னும் குனிந்தார். கடைசியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உன் உயரத்துக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டார். நீ நெற்றியில் மூன்று விரலும் படப் பூசி, கண்ணில் தூள் விழாமல் இருக்க உள்ளங்கையை மறைப்பாக வைத்து ஊதிவிட்டாய், குழந்தைக்குச் செய்வதுபோல.

முதலில் வாய் திறந்தவன் முனுசாமி. "இன்னாய்யா, மறுவூட்டுக்கு வந்த மாப்ளைக்கு வெக்கற மாதிரி வெக்கறான்!" என்றான். கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த பிறகு யாராலும் விசில் அடிக்க முடியவில்லை. யாரோ தட்டினார்கள், பிறகு எல்லோரும். நீயும் தட்டை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் தட்டினாய்.

அவர்கள் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில், மலை நிழல் முழுக்கக் களத்தை மூடிய பிறகு, இரண்டே புள்ளியில். சர்வீஸ் போட இடக்கைக்காரர் பந்தை வலது கையில்தான் பிடிக்க வேண்டும். அவர் போட்ட சர்வீஸ்களில் பந்து மெல்ல நிறம் மாறியதை எதிர் அணியும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. முடிந்ததும் அவர் அந்தப் பந்தை நடுவரிடம் கேட்டு வாங்கி, நேராக உன்னிடம் வந்தார்.

"கையெழுத்து போட்டுத் தரட்டுங்களா?"

"கையெழுத்து வேணாம் சார். ஆட்டம் முடிஞ்சிடுச்சு, இனிமே சொல்லலாமில்ல? அந்தக் கையக் காட்டுங்க. இவன் பாக்கட்டும்."

ஆட்டம் முடிந்ததும் மறுபடி கையில் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தார். பார்த்தேன். முந்தின நாள் அவர் விழுந்ததை என் நோட்டில் எழுதியிருந்தேன்: 'கோட்டோரம் விழுந்து, வலது கை ஊன்றி.' அதற்கு நாலு வரி கீழே பிரசாதம். இரண்டும் ஒரே பக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குத் தோன்றவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றேன்.

"எடது கையில வாங்கறது தப்புதாங்க. பிரசாதத்துல ரத்தம் படறதும் தப்பு. ரெண்டுல எது கம்மித் தப்புனு யோசிக்க அந்த நிமிஷத்துல அவ்ளோதான் நேரம் கெடச்சுது." பிறகு, என் முகத்தைப் பார்த்திருப்பார் போல, "நீங்க பாத்தத எழுதினீங்க. அதுல தப்பு இல்லீங்க" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திருத்தம் போடச் சொல்லி அன்று டிரங்க் கால் போட்டேன். "இத எவன்யா படிப்பான்?" என்றார் உதவி ஆசிரியர். செவ்வாய்க்கிழமை மூன்று வரி வந்தது, ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்துக்குக் கீழே. ஒருவன் படித்தான். நீ அதைக் கத்தரித்து லாட்ஜ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாய். பந்து மேலே, திருத்தம் கீழே. முனுசாமி வந்து பார்த்துவிட்டு, "அப்ப நீ களத்துக்கு வரலாம்" என்று அனுமதி கொடுத்தான்.

ஆட்டக்காரர்கள் நமக்கு எவ்வளவு மரியாதை காட்ட வேண்டும் என்று பிற்பாடு நாம் எத்தனையோ நாள் பேசியிருக்கிறோம். நான் கட்சி கட்டுவேன்: கூட்டம் இல்லாமல் அவர்கள் ஏது என்பேன். நீ ஒருநாள் சொன்னாய்: "கை தட்டறது நாம குடுக்கற இனாம். அதுக்கு மேல அவங்க சிரிச்சா அது அவங்க குடுக்கற இனாம். இனாம அதட்டிக் கேக்க முடியுமா?" வேலூரில் பை சுமந்தவன் சொன்னதால் அதை ஒப்புக்கொண்டேன். அந்த வேலூர்க்காரரைப் பற்றிக்கூட நீ கடைசியில் பேச்சை மாற்றிக்கொண்டாய். "அன்னிக்கு அந்தாளுக்கு இன்னா அவசரமோ."

எனக்கு நீ விட்டுவைத்தது அந்த ஒரு கேள்விதான். நாற்பது வருடமாக எதை எழுதி முடித்தாலும், அனுப்புவதற்கு முன்னால் அது குறுக்கே வந்து நிற்கும்: இன்னொரு கையில் என்ன இருந்தது? வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் எரிந்து விழுந்த அதிகாரியைப் பற்றி எழுதும்போதும் அதைக் கேட்டேன். சில சமயம் ஒன்றும் இருக்காது. வெறும் திமிராகவே இருக்கும், அப்படியே எழுதிவிடுவேன். ஆனால் கேட்காமல் எழுதியதில்லை. போன வருடம் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, நான் கூப்பிட்டும் நர்ஸ் நிற்காமல் போனார் என்று முணுமுணுத்தேன். நீ கண்ணைத் திறக்காமலே, "கையப் பாத்தியா ரிப்போர்ட்டரே?" என்றாய். எட்டிப் பார்த்தேன். அடுத்த கட்டிலுக்கான ஊசி. நீ சிரித்தாய். அன்றைக்கு நீ ஜெயித்ததில் உனக்கு அவ்வளவு திருப்தி. எனக்கும்.

இப்போது மகளின் கேள்வி. நொட்டாங்கைக்காரருக்குச் சில வருடம் முன்னால் பக்கவாதம் வந்திருக்கிறது. நடக்கிறார், பேசுகிறார். வலது கை மட்டும் எழவில்லை.

"எடது கையாலதான் அப்பாவால எதையும் வாங்க முடியும் சார். உங்க ஊருல பிரசாதம் குடுப்பாங்களாமே. ஜனங்க தப்பா எடுத்துப்பாங்களானு கேக்கச் சொன்னாரு. சங்கடம்னா மேடைக்கு வராம கீழயே உக்காந்துக்கறேன்னு சொல்றாரு."

"அப்பாவ எதையும் வாங்க வேணாம்னு சொல்லுங்கம்மா. குனிஞ்சாப் போதும், நாங்க வெச்சு வுடறோம்" என்றேன். தொலைபேசியில் பின்னாலிருந்து ஒரு கிழவரின் சிரிப்புக் கேட்டது. கூடவே உன் பெயர். நீ இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் முதலில் உன் பெயரைத்தான் சொன்னார்.

இனி நிலுவையில் இருப்பவை. அவர்கள் ஞாயிறு விடியற்காலை காரில் கிளம்புகிறார்கள். பதினொரு மணிக்குள் வந்துவிட வேண்டும். லாட்ஜில் கீழ்த்தள அறை ஒன்றை உன் மகன் ஒதுக்கிவிட்டான், போய்ப் பார்த்துவிட்டேன். தட்டை யார் பிடிப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. குழு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூடுகிறது. என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மறுக்க மாட்டார்கள் என்று செயலாளர் சொல்கிறார், ஆனால் அது முடிவு ஆகாது. இன்னொன்றும் இருக்கிறது. இந்த வயதில் அவரால் எவ்வளவு தூரம் குனிய முடியும் என்று மகளிடம் கேட்க மறந்துவிட்டேன். அது ஞாயிறு சாயங்காலம் தெரிந்துவிடும். முடியாவிட்டால் நான் எக்கிக்கொள்கிறேன்.